பெரிய டிஷ், சின்ன டிஷ்: திரையின் அறிகுறியிலிருந்து கோளாறைக் கண்டுபிடித்தல்

ஏணியை எடுக்கும் முன் திரையைப் பாருங்கள். செய்மதித் தொலைக்காட்சியின் கோளாறுகளில் பெரும்பாலானவை தங்களைத் திரையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் வளவுக்குள் நிற்கும் பழைய எட்டடி வலை டிஷ் காட்டிக்கொடுக்கும் விதம் வேறு. மதிலில் பூட்டிய இரண்டடி டிஷ் காட்டிக்கொடுக்கும் விதம் வேறு. இது தெரியாமல் ஸ்பானரோடு ஏறினால், கேபிளில் இருந்த சின்னக் கோளாறோடு டிஷ்ஷின் திசையும் குழம்பிப்போகும்.

யாழ்ப்பாணத்தில் இன்றும் இரண்டையும் அருகருகே காணலாம். 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு வந்த பெரிய டிஷ்களில் பல, கறள் பிடித்த கால்களோடு கிணற்றடியிலும் மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்திலும் நிற்கின்றன. சின்ன டிஷ் இல்லாத ஒழுங்கையே இல்லை. "தம்பி, பெரியது பலமானது, இது சின்னது, அதனால்தான் மழைக்கு நிற்பதில்லை" என்று பல வீடுகளில் அம்மாமார் சொல்வார்கள். முதலில் இந்த எண்ணத்தைத் திருத்தவேண்டும். எட்டடி டிஷ், அதாவது 2.4 மீற்றர் விட்டமுள்ளது, சி பட்டை எனப்படும் 4 கிகாஹேர்ட்ஸ் மீடிறனில் (அதிர்வெண்ணில்) வேலை செய்கிறது. இரண்டடி டிஷ் கே.யூ பட்டையில் 12 கிகாஹேர்ட்ஸை ஒட்டி வேலை செய்கிறது. மீடிறன் மூன்று மடங்காகும்போது அதே அளவு பலன் தர டிஷ்ஷின் விட்டம் மூன்றில் ஒன்று போதும். கணக்குப் போட்டால் பெரியதன் ஈட்டம், அதாவது சிக்னலைத் திரட்டிக் கூட்டும் அளவு, ஏறத்தாழ 38 டெசிபெல், சின்னதன் ஈட்டம் 36 டெசிபெல்லுக்குச் சற்றுக் குறைவு. பெரியதன் பார்வை அகலம் ஏறத்தாழ 2.2 பாகை, சின்னதன் பார்வை அகலம் 2.9 பாகை. ஆக, சின்ன டிஷ் பலவீனமானதும் அல்ல. எப்படித் திருப்பினாலும் பிடித்துவிடக் கூடியதும் அல்ல.

உண்மையான வேறுபாடுகள் இரண்டு. ஒன்று அலைநீளம்: சி பட்டையில் அது ஏழரைச் சென்ரிமீற்றர், கே.யூ பட்டையில் இரண்டரைச் சென்ரிமீற்றர். மற்றது ஒளிபரப்பின் முறை. அனலொக் ஒளிபரப்பில் சிக்னல் குறையக் குறையப் படமும் படிப்படியாகக் கெடும். டிஜிட்டலில் பிழை திருத்தும் கணிதம் கடைசிவரை படத்தைக் காப்பாற்றும். பிறகு ஒரு டெசிபெல் அளவு சரிவுக்குள் நல்ல படம் வெறும் கறுப்புத் திரையாகிவிடும். எனவே டிஜிட்டலில் படம் தெளிவாக இருப்பது டிஷ் சரியாக இருப்பதற்குச் சாட்சி ஆகாது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் கீழே வருவதில் பாதி தானாக விளங்கும்.

சாட்சி எங்கே இருக்கிறது என்றால், ரிசீவரின் அமைப்புப் பக்கத்தில் தெரியும் இரண்டு கோடுகளில். ஒன்று வலு, மற்றது தரம். வலுக் கோட்டை நம்பவேண்டாம். டிஷ்ஷின் முன்னே நின்று சிக்னலை வாங்கி ரிசீவருக்கு அனுப்பும் எல்.என்.பிக்கு மின்சாரம் போய்ச் சேர்ந்தாலே அது தன் இரைச்சலால் அந்தக் கோட்டை உயர்த்திவிடும். தரக் கோடுதான் பேசும். மழையும் முகிலும் இல்லாத ஒரு நாளில், வெவ்வேறு அலைவரிசைகளில் தரம் எவ்வளவு என்று பார்த்து ஒரு தாளில் எழுதித் தொலைக்காட்சியின் பின்புறம் ஒட்டிவிடுங்கள். கோளாறு வரும் நாளில் அந்தத் தாள் பாதி வேலையைச் செய்துவிடும்.

பழைய அனலொக் ரிசீவரில் இரைச்சலைத் தவிர வேறொன்றும் இல்லை

இதற்குப் பழுது பார்க்கவேண்டியது எதுவும் இல்லை. நம் வானத்தில் இருந்த அனலொக் அலைவரிசைகள் டிஜிட்டலுக்கு மாறிவிட்டன. ஒரு அனலொக் அலைவரிசைக்கு செய்மதியில் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும், 36 மெகாஹேர்ட்ஸ் அகலமுள்ள ஒரு டிரான்ஸ்பொண்டர் முழுவதும் தேவைப்பட்டது. அதே இடத்தில் டிஜிட்டலில் எட்டு, பத்து அலைவரிசைகளைச் சாதாரணமாக அனுப்பலாம். செய்மதி வாடகை கட்டும் எந்த நிறுவனமும் பழைய வழியில் நின்றிருக்க முடியாது.

ஆனாலும் அந்தக் காலத்து அறிகுறிகளைச் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் அவைதான் கோளாறைப் படிக்கப் பழக்கின. படத்தில் வெள்ளையும் கறுப்புமாக வால்முளைத்த பொட்டுகள் தெறித்தால் சிக்னல், தெளிவான படத்துக்குத் தேவையான வாசலுக்குக் கீழே இறங்கிவிட்டது என்று பொருள். அந்த வாசல் இரைச்சலைவிட ஏறத்தாழ 8 டெசிபெல் மேலே. பொட்டுகள் கடும் நிறங்களின் மேல், குறிப்பாகச் சிவப்பின் மேல் முதலில் தெரியும். டிஷ்ஷை ஒரு நூல் அசைத்தால் பொட்டுகள் கூடுவதும் குறைவதும் கண்ணுக்கே தெரியும், மீற்றர் தேவையில்லை. ஆசியாசாட் 1 செய்மதி 1990 ஏப்ரலில் ஏவப்பட்டு, அடுத்த ஆண்டு ஸ்டார் ரி.வி அதிலிருந்து ஒளிபரப்பைத் தொடங்கிய காலத்தில் இந்தக் கண்பழக்கத்தால்தான் ஆசியா முழுவதும் டிஷ்கள் நிமிர்த்தப்பட்டன. அந்தச் செய்மதியே, 1984இல் தவறான சுற்றுப்பாதையில் போய், அமெரிக்க விண்ணோடம் போய்ப் பிடித்துக்கொண்டுவந்த வெஸ்டார் 6 தான். பழுது பார்த்து மறுபடி அனுப்பினார்கள். பழுது பார்ப்பதில் ஈடுபட்ட எவருக்கும் அந்தச் செய்தி ஊக்கம் தரும்.

ரிசீவரை ஓரமாக வையுங்கள். டிஷ்ஷை இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மழை வந்தால் படம் போய்விடுகிறது, மழை விட்டால் திரும்பி வருகிறது

சின்ன டிஷ்ஷைப் பற்றி மாரி காலத்தில் அதிகம் கேட்கும் முறைப்பாடு இது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு கொட்டும் மழையில் துளிகள் பெரியவை. இரண்டரைச் சென்ரிமீற்றர் அலையை அவை விழுங்கவும் சிதறடிக்கவும் செய்யும். ஏழரைச் சென்ரிமீற்றர் அலைக்கு அந்த அளவு பாதிப்பு இல்லை. பெரிய டிஷ் மழையில் அசையாமல் நின்றதன் காரணம் அதன் பருமன் அல்ல, அது பிடித்த அலை. அதே எட்டடி டிஷ்ஷில் கே.யூ பட்டையைப் பிடித்தால் அதற்கும் மழை பொல்லாததுதான்.

இங்கே கேட்கவேண்டிய கேள்வி, எவ்வளவு மழைக்குப் படம் போகிறது என்பது. முற்றம் வெள்ளக்காடாகும் அடைமழையில் பத்து நிமிடம் போனால் அது இயற்கை. எந்தத் தொழிலாளியும் அதை நீக்கித் தர முடியாது. சாதாரண மழைக்கே, ஏன் கருமுகில் கூடியதற்கே போகிறது என்றால், டிஷ்ஷிடம் கையிருப்பு இல்லை. வெயில் நாளில் நீங்கள் பார்த்த நல்ல படம் விளிம்பில் நின்றுகொண்டிருந்த படம். அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். தரம் முன்பு எழுதியதைவிட இறங்கியிருந்தால், மழை போன பிறகு, நல்ல வெயிலில், டிஷ்ஷைத் திருத்தவேண்டும். மழைக்குள் திருத்தப் போவது வீண்.

எந்தச் செய்மதி என்பதும் இதில் சேர்கிறது. யாழ்ப்பாணம் 9.7 பாகை வடக்கில், ஏறத்தாழ 80 பாகை கிழக்கில் இருக்கிறது. அதனால் 83 பாகை கிழக்கில் உள்ள செய்மதி நமக்குக் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே, 78 பாகை உயரத்தில் நிற்கிறது. 45 பாகை கிழக்கில் உள்ளது மேற்கே 48 பாகை உயரத்தில் மட்டுமே. தாழ நிற்கும் செய்மதியின் சிக்னல் மழைக்குள் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் தூரம் நடந்து வருகிறது. பக்கத்து வீட்டில் படம் நிற்க, உங்கள் வீட்டில் போகிறது என்றால், இரண்டு டிஷ்களும் ஒரே திசையைப் பார்க்கின்றனவா என்று முதலில் பாருங்கள். வேறு திசை என்றால் ஒப்பிடுவதில் பொருளில்லை.

மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்தும் படம் வரவில்லை என்றால் அது மழையின் குற்றம் அல்ல. எல்.என்.பியின் முகமூடி வெடித்து உள்ளே தண்ணீர் போயிருக்கும், அல்லது கனெக்டரில் நீர் இறங்கியிருக்கும். வெயில் ஏறிய பிறகு தானாகப் படம் வந்துவிட்டால் ஐயமே வேண்டாம், எங்கோ ஈரம் இருக்கிறது. "வந்துவிட்டதே" என்று விட்டுவிட்டால் அந்த ஈரம் செம்பைத் தின்று முடிக்கும்.

பெரிய தகட்டு டிஷ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். குளிர்நாட்டுப் படங்களில் டிஷ்கள் அடிவானத்தைப் பார்த்தபடி நிற்கும். நம் ஊரில் 83 பாகைச் செய்மதிக்குப் பூட்டிய டிஷ் வானத்தைப் பார்த்துக் கிட்டத்தட்ட மல்லாந்து கிடக்கும். வலை டிஷ்ஷில் நீர் வடிந்துவிடும். தகட்டு டிஷ்ஷில் நீரும் வேப்பஞ்சருகும் தேங்கும். அடியில் நீர் வடியும் துளை அடைபட்டிருக்கிறதா என்று மாரிக்கு முன் பாருங்கள்.

பாதி அலைவரிசைகள் இருக்கின்றன, பாதி இல்லை

ஒரே டிஷ், ஒரே செய்மதி, அதில் ஒரு கூட்டம் அலைவரிசைகள் மட்டும் காணாமற்போவது எனக்கு மிகவும் பிடித்த கோளாறு. ஏனென்றால் எதுவும் தொடாமலே காரணத்தை நெருங்கிவிடலாம். போனவற்றின் பட்டியலை எழுதி, ரிசீவரில் ஒவ்வொன்றின் விபரத்தையும் திறந்து, மீடிறனுக்குப் பக்கத்தில் முனைவாக்கம், அதாவது அலை அதிரும் வாட்டம், கிடையா நிலைக்குத்தா என்று பாருங்கள்.

போனவை எல்லாம் கிடை முனைவாக்கமாக இருந்தால்: ரிசீவர் அதே கேபிளின் வழியே 18 வோல்ற் அனுப்பும்போது எல்.என்.பி கிடையைப் பிடிக்கும். 13 வோல்ற் அனுப்பும்போது நிலைக்குத்தைப் பிடிக்கும். கறள் பிடித்த கனெக்டரோ, இரும்புக் கம்பிக்குச் செம்பு பூசிய மலிவுக் கேபிளின் நீண்ட ஓட்டமோ அந்த 18ஐக் குறைத்துவிடும். மேலே போய்ச் சேரும்போது 14, 15க்குக் கீழே இறங்கினால் எல்.என்.பி அதை 13 என்று எடுத்துக்கொண்டு நிலைக்குத்திலேயே நின்றுவிடும். ஒரு சின்ன மல்ரி மீற்றர் இருந்தால் மேல்நுனியில் வைத்துப் பாருங்கள். ஆனால் எல்.என்.பி பூட்டியிருக்கும்போது அளக்கவேண்டும். சுமை இல்லாமல் அளந்தால் கெட்ட கேபிளும் 18 காட்டும். மீற்றர் இல்லாவிட்டால் ரிசீவரையும் புதிய துண்டுக் கேபிளையும் டிஷ்ஷடிக்கே கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள்.

போனவை இரு வகையிலும் இருந்து, எல்லாம் 11.7 கிகாஹேர்ட்ஸுக்கு மேலே அல்லது எல்லாம் அதற்குக் கீழே என்றால், மேல் பகுதிக்கு மாறச் சொல்லி ரிசீவர் கேபிளில் அனுப்பும் 22 கிலோஹேர்ட்ஸ் தொனி போய்ச் சேரவில்லை அல்லது ரிசீவரின் அமைப்பில் அது தவறாக இருக்கிறது. கே.யூ பட்டையின் யூனிவர்சல் எல்.என்.பிக்கு ரிசீவரின் அமைப்பில் 9750, 10600 என்று இரண்டு எண்கள் இருக்கவேண்டும். சி பட்டை எல்.என்.பிக்கு 5150 என்ற ஒரே எண். புதிய ரிசீவரைப் பெரிய டிஷ்ஷில் பொருத்தியவர்கள் ஒன்றுமே வரவில்லை என்று டிஷ்ஷைத் திருப்பத் தொடங்குவார்கள். பெரும்பாலும் இந்த எண்தான் மாறாமல் இருக்கும்.

ஒரு முனைவாக்கம் முழுவதும் போகாமல், இரண்டிலும் தரம் குறைந்து, நலிந்தவை மட்டும் விழுந்திருந்தால் எல்.என்.பியின் சுழற்சியைப் பாருங்கள். இதைப் பற்றிப் பெட்டியோடு வரும் தாள்கள் நமக்கு உதவாது. எல்.என்.பியை நேராகப் பூட்டி, சில பாகை திருப்புங்கள் என்று அவை சொல்லும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அந்தத் திருப்பம் பெரிதாகிறது. யாழ்ப்பாணத்தில் 83 பாகைச் செய்மதிக்கு ஏறத்தாழ 17 பாகை, 91.5க்கும் 68.5க்கும் ஐம்பதுக்குக் கிட்ட. 45 பாகைச் செய்மதிக்கு எழுபதையும் தாண்டும். டிஷ்ஷின் பின்னால் நின்று வானைப் பார்த்தபடி, மேற்கே உள்ள செய்மதிக்கு மணிக்கூட்டு முள் ஓடும் பக்கமாகவும், கிழக்கே உள்ளதற்கு எதிர்ப்பக்கமாகவும் திருப்பவேண்டும். செய்மதியின் முனைவாக்கம் தானே சாய்ந்திருப்பதும் உண்டு என்பதால் இந்த எண்களைத் தொடக்கமாக வைத்து, தரக் கோட்டைப் பார்த்தபடி மெல்லத் திருப்பி உச்சத்தில் நிறுத்துங்கள்.

ஒரே டிரான்ஸ்பொண்டரில் வரும் எட்டுப் பத்து மட்டும் போய், மற்ற எல்லாம் நன்றாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் பொறுங்கள். அனுப்புபவர்கள் மீடிறனை மாற்றியிருக்கலாம். மறுபடி தேடவிட்டாலே வந்துவிடும்.

மழையும் இல்லை, காற்றும் இல்லை. படம் கட்டங்கட்டமாக உடைந்து உறைகிறது

கனெக்டர். பெரும்பாலும் கனெக்டர்தான். குருநகர், நாவாந்துறை, காரைநகர், வல்வெட்டித்துறை, பருத்தித்துறை என்று கடலோரத்தில் இருப்பவர்கள் இதை முதலில் பார்க்கவேண்டும். உப்புக் காற்றில், கேபிள் நுனியில் திருகும் எஃப் கனெக்டரின் உள்ளே பச்சை பூத்துவிடும். கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பி கறுத்திருந்தால் அந்த நுனியை வெட்டி எறிந்துவிட்டு, பளபளப்பான செம்பு வரும்வரை பின்னே போய்ப் புதிய கனெக்டர் பூட்டுங்கள். வெளிவலையின் ஒரு மயிர்கூட நடுக்கம்பியைத் தொடக் கூடாது. தொட்டால் ரிசீவரின் மின்வழங்கியே போகும். இதைச் செய்யும் முன் ரிசீவரின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

பூட்டிய பிறகு தானாக ஒட்டும் ரப்பர் நாடாவால் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். நம் ஆட்கள் சைக்கிள் ரியூபை நாடாவாகக் கிழித்து இறுக்கிச் சுற்றுவார்கள். அது மோசமில்லை, ஆனால் வெயிலில் வெடித்துவிடும். ஒவ்வொரு மாரிக்கு முன்னும் புதிதாகச் சுற்றவேண்டும். கேபிள் கனெக்டருக்குள் நுழையும் முன் கீழ்நோக்கித் தொங்கும் ஒரு வளைவு விடுங்கள். அந்த வளைவின் அடியில் நீர் சொட்டிப் போகும். இல்லாவிட்டால் கேபிளின் வழியே நடந்து கனெக்டருக்கோ வீட்டுக்குள்ளோ வந்துவிடும்.

கேபிளை அணில் கடித்திருக்கிறதா என்று முழு நீளமும் தடவிப் பாருங்கள். ஆர்.ஜி.6 கேபிளே நூறு மீற்றருக்கு 2 கிகாஹேர்ட்ஸில் ஏறத்தாழ 30 டெசிபெல்லைத் தின்னும். நடுவில் இணைப்புகள் கூடக் கூட அது ஏறும். பெரிய டிஷ் வளவின் கோடியில் இருக்கும் வீடுகளில் இது முக்கியம். பழைய நாளில் தொலைக்காட்சி அன்ரனாவுக்கு இழுத்த கேபிளையே இதற்கும் பாவிப்பவர்கள் உண்டு. பாவிக்கவேண்டாம்.

பெரிய டிஷ்ஷில் இன்னொன்று: எல்.என்.பியின் குழல் வாயில் மூடி இல்லாவிட்டால் குளவி உள்ளே மண்கூடு கட்டும். நாளுக்கு நாள் தரம் மெல்லக் குறைந்துகொண்டே வந்தால், கறளைத் தேடும் முன் அந்த வாயைப் பாருங்கள். கூட்டை அகற்றித் துடைத்து, பிளாஸ்டிக் மூடி ஒன்று போடுங்கள். உலோக மூடி கூடாது.

காற்றடிக்கும்போது படம் போய்ப் போய் வருகிறது

வைகாசி முதல் ஆவணி வரை சோளகம் வீசும் காலத்தில் இது வரும். பரப்பளவைக் கணக்கிட்டால் எட்டடி டிஷ் இரண்டடி டிஷ்ஷின் பதினாறு மடங்கு. வலையாக இருப்பதால் காற்றில் ஒரு பகுதி ஊடே போகும். மிகுதி எல்லாம் அந்த ஒற்றைத் தண்டின் மேல் விழும். ஒரு பாகை ஆடினாலே சிக்னல் பாதியை நெருங்கிவிடும். எனவே அடித்தளத்தின் கொங்கிரீற் வெடித்திருக்கிறதா, கழுத்தில் உள்ள போல்ட் தேய்ந்து துளை பெருத்திருக்கிறதா என்று பாருங்கள். நகர்த்தும் மோட்டார்க் கை பூட்டிய டிஷ்ஷில் அந்தக் கையின் இரு முனை ஆணிகளும் தேய்ந்து ஆடும். இன்று ஒரே செய்மதியைத்தான் பார்க்கிறீர்கள் என்றால், மோட்டாரைக் கழற்றிவிட்டு ஓர் இரும்புக் கோணத்தால் இறுக்கிவிடுவது நல்லது.

சின்ன டிஷ் ஆடுவது பெரும்பாலும் சுவரில். ஓட்டு வீட்டுப் பழைய சுண்ணாம்புச் சுவரில் நைலோன் ஆப்பு நிற்காது. நிற்காத இடத்தில் பெரிய ஆப்பை அறைந்து பயனில்லை. தூணுக்கோ கொங்கிரீற் வளைக்கோ மாற்றுங்கள்.

ஆடுவது டிஷ் அல்ல, மரம் என்றும் இருக்கலாம். பத்து ஆண்டுகளுக்கு முன் மதில் உயரம் இருந்த தென்னம்பிள்ளை இப்போது ஓலையை நடுவே நீட்டியிருக்கும். 45 பாகைச் செய்மதியைப் பார்க்கும் டிஷ்ஷுக்கு எதிரே, மேற்கில், மரம் நிற்கும் தூரத்தைவிட அது டிஷ்ஷுக்கு மேலே எழும் உயரம் அதிகமானால் மறைக்கத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 83 பாகைக்கு அந்தக் கவலை குறைவு. தூரத்தைப் போல நாலரை மடங்கு உயரம் போனால்தான் மறைக்கும்.

வலு நிறைய இருக்கிறது, தரம் பூச்சியம்

டிஷ் வேறெதையோ பார்க்கிறது. அல்லது ஒன்றையும் பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து சில திசைகளைத் தருகிறேன், உண்மை வடக்கிலிருந்து மணிக்கூட்டு முள் திசையில் எண்ணியவை: 45 பாகைச் செய்மதிக்குத் திசை 256, உயரம் 48. 68.5க்குத் திசை 230, உயரம் 72. 83க்குத் திசை 163, உயரம் 78. 93.5க்குத் திசை 125, உயரம் 70. 105.5க்குத் திசை 109, உயரம் 58. திசைகாட்டியை இரும்புத் தண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள்.

எல்.என்.பி ஒரு பக்கமாகத் தாழ நிற்கும் சின்ன டிஷ், அதன் தகடு காட்டும் சாய்வைவிட இருபத்திரண்டு முதல் இருபத்தைந்து பாகை வரை உயர்வாகப் பார்க்கும். தகட்டில் கோணமானியை வைத்து 78 வரும்வரை சாய்த்தால் வானத்தின் மறுபக்கத்துக்கே போய்விடுவீர்கள்.

உச்சியை நெருங்கி நிற்கும் செய்மதியைத் தேடும்போது இன்னொரு விடயத்தை மனதில் வையுங்கள். 78 பாகை உயரத்தில் டிஷ்ஷை இடம் வலமாக ஐந்து பாகை திருப்பினாலும் அதன் பார்வை ஒரு பாகைதான் நகரும். உயரத்தில் ஒரு பாகை மாற்றினால் ஒரு பாகை முழுவதும் நகரும். ஆகவே 83ஐத் தேடும்போது உயரத்தை நூல் நூலாக மாற்றி, ஒவ்வொரு உயரத்திலும் திசையைத் தாராளமாகத் துழாவுங்கள். 45ஐத் தேடும்போது இரண்டிலும் கவனம் வேண்டும்.

பங்குனியிலும் புரட்டாதியிலும் பகலில் சில நிமிடம் மட்டும் போகிறது

சூரியன். மார்ச் நடுப்பகுதியிலும் செப்டெம்பர் கடைசி வாரத்திலும் சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வந்துபோகும்; அதன் ரேடியோ இரைச்சல் சிக்னலை மூழ்கடிக்கும். 105.5க்குக் காலை பத்து மணிக்குப் பிறகு, 83க்கு நண்பகலை ஒட்டி, 45க்குப் பிற்பகல் மூன்று மணியளவில். சில நாட்களுக்கு, நாளுக்குச் சில நிமிடம். பெரியதும் சின்னதும் இரண்டுமே இதில் அகப்படும். ஒன்றும் செய்யவேண்டியதில்லை.

ஆனால் அந்த நிமிடங்களைப் பயன்படுத்தலாம். படம் போகும் வேளையில் வளவின் பெரிய டிஷ்ஷைப் போய்ப் பாருங்கள். எல்.என்.பியின் நிழல் டிஷ்ஷின் மையத்தில் விழுந்தால் உங்கள் டிஷ் செய்மதியை நேராகப் பார்க்கிறது. நிழல் ஒதுங்கி நின்றால் எந்தப் பக்கம், எவ்வளவு பிசகு என்பதைச் சூரியனே காட்டுகிறது. டிஷ்ஷின் மேல் ஓலை நிழல் விழுந்தால் அந்த ஓலைதான் உங்கள் சிக்னலையும் மறைக்கிறது.

சி பட்டையில் மட்டும் எல்லாம் ஒரேயடியாக நலிந்துவிட்டது

பெரிய டிஷ் ஆடவில்லை, கேபிள் நல்லது, சின்ன டிஷ்ஷில் குறையில்லை. அருகில் 3.5 கிகாஹேர்ட்ஸை ஒட்டி இயங்கும் கம்பியில்லா இணையக் கோபுரம் ஏதும் எழுந்திருக்கிறதா என்று பாருங்கள். சி பட்டை எல்.என்.பிகளில் பல 3.4 முதல் 4.2 வரை வாயைத் திறந்து வைத்திருக்கும். முப்பத்தாறாயிரம் கிலோமீற்றர் தூரத்திலிருந்து வரும் நலிந்த சிக்னலுக்குப் பக்கத்தில் அந்தக் கோபுரத்தின் சிக்னல் மலையளவு, எல்.என்.பி திக்குமுக்காடிவிடும். 3.7 முதல் 4.2 வரை மட்டும் விடும் வடிகட்டியைக் குழலுக்கும் எல்.என்.பிக்கும் நடுவே பூட்டுவதுதான் மருந்து. கேபிளில் பூட்டும் வடிகட்டியால் பயனில்லை. பாதிப்பு அதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

தரம் நன்றாக இருக்கிறது, ஆனால் திரையில் அறிவிப்பு ஒன்று நிற்கிறது

அட்டை, கட்டணம், அனுமதி என்று அறிவிப்பில் ஏதாவது இருந்தால் ஏணியை எடுக்கவேண்டாம். டிஷ் தன் வேலையைச் செய்கிறது. பணம் கட்டிய பிறகு பெட்டியை அந்த அலைவரிசையில் சிறிது நேரம் விட்டுவையுங்கள். அனுமதி வானத்தின் வழியே வந்து சேரவேண்டும்.

மாலையில் பெட்டி தானாக அணைந்து மறுபடி தொடங்கினால் அதுவும் டிஷ்ஷின் கோளாறு அல்ல. எல்லோரும் விளக்குப் போடும் நேரத்தில் மின்னழுத்தம் இறங்குகிறதா, அல்லது அடாப்டர் சூடேறிக் களைத்துவிட்டதா என்று பாருங்கள். அதே வோல்ற்று, குறையாத அம்பியர் உள்ள வேறொரு அடாப்டரை மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இடி மின்னல் காலத்தில் பிளக்கை மட்டுமல்ல, டிஷ் கேபிளையும் கழற்றிவிடுங்கள். பெரிய டிஷ்ஷின் தண்டைச் செப்புக் கம்பியால் நிலத்தில் இறக்காமல் விட்டிருப்பவர்கள் மாரிக்கு முன் அதைச் செய்துவிடவேண்டும்.

பழைய பெரிய டிஷ்ஷில் புதிய கே.யூ எல்.என்.பி பூட்டினேன், சின்ன டிஷ் அளவுக்கும் வரவில்லை

வலையின் கண்ணைப் பாருங்கள். ஏழரைச் சென்ரிமீற்றர் அலைக்கு முழுத் தகடாகத் தெரியும் வலையில், இரண்டரைச் சென்ரிமீற்றர் அலையின் ஒரு பகுதி ஊடே போய்விடும். வளைவின் நேர்த்தியும் அப்படித்தான்: சி பட்டைக்கு நாலைந்து மில்லிமீற்றர் பிசகு பொறுக்கும்; கே.யூவுக்கு ஒன்றரை மில்லிமீற்றர்தான் எல்லை. தேங்காய் விழுந்து நசுங்கிய சின்ன டிஷ்ஷைத் தட்டி நிமிர்த்த வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். அதை மாற்றிவிடுவது மலிவு.

பெரிய டிஷ்ஷை அது பிறந்த வேலைக்கே விடுங்கள். சி பட்டையில் டிஜிட்டலாக இன்றும் அலைவரிசைகள் வருகின்றன, அவற்றில் மாதக் கட்டணம் கேட்காதவையும் உண்டு. தேவை டி.வி.பி-எஸ்2 என்ற டிஜிட்டல் முறையைப் பிடிக்கும் ஒரு ரிசீவர், பழைய எல்.என்.பி களைத்திருந்தால் அதற்கும் ஒரு மாற்று. அனலொக் நாளில் பொட்டுகளோடு படம் காட்டிய அதே வலை, டிஜிட்டலில் பொட்டில்லாத படம் தரக்கூடும், ஏனென்றால் டிஜிட்டலுக்கு வேண்டிய குறைந்தபட்ச சிக்னல் பெரும்பாலும் அனலொக் கேட்டதைவிடத் தாழ்ந்தது. கால்களின் கறளைச் சுரண்டி, சிவப்பு ஒட்சைட்டும் அதன் மேல் அலுமினிய வர்ணமும் பூசுங்கள். போல்ட்டுகளைக் கழற்றிக் கிறீஸ் பூசி மறுபடி இறுக்குங்கள். ஒன்றைக் கழற்றும் முன், டிஷ் இப்போது நிற்கும் நிலையைத் தண்டிலும் கழுத்திலும் சேர்த்து வர்ணத்தால் ஒரு கோடு இழுத்து வைத்துவிடுங்கள். பிறகு எத்தனை முறை கழற்றினாலும் அந்தக் கோட்டைக் கோட்டோடு பொருத்தினால் செய்மதி அங்கேயே இருக்கும்.